பிரிவதற்குப் பதினேழு சொற்கள்

டோட்முண்டில் நாங்கள் இருக்கும் மாடிக் கட்டடத்தின் பின்புறம் நான்கு நிறத்தில் குப்பைத் தொட்டிகள் நிற்கின்றன. கடதாசிக்கு நீலம், பிளாஸ்டிக்குக்கும் தகரத்துக்கும் மஞ்சள், அழுகிப் போகிறவற்றுக்கு மண்ணிறம், மிச்சம் எல்லாவற்றுக்கும் கறுப்பு. இந்த நாட்டுக்கு வந்து முப்பத்தைந்து வருடமாகிறது. இன்றைக்கும் ஊறிப்போன தேயிலைப் பை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அந்த நான்கு தொட்டிகளுக்கு முன்னால் நான் திணறி நிற்பதுண்டு. தேயிலைச் சக்கை ஒரு தொட்டிக்கு, நூலில் தொங்கும் கடதாசித் துண்டு இன்னொன்றுக்கு, அதைப் பிடித்திருக்கும் துளிக் கம்பி வேறொன்றுக்கு. கீழ்வீட்டு பிராவ் கெஸ்லர், எங்கள் பேச்சில் திருமதி கெஸ்லர், எழுபது வயதைத் தாண்டியவர், தனியாக இருக்கிறார், யன்னலோரம்தான் அவருக்குப் பொழுதுபோக்கு. ஒருநாள் இறங்கி வந்து, நான் எறிந்த பையை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "ட்ரென்னன், ட்ரென்னன்!" என்று சொன்னார். பிரியுங்கள், பிரியுங்கள் என்று பொருள். ஒரு தேயிலைப் பையை இவ்வளவு பாகமாகப் பிரிக்கலாம் என்று ஊரில் யாராவது சொல்லியிருந்தால், அந்த ஆளுக்கு வெயில் பட்டுவிட்டது என்றுதான் நினைத்திருப்போம்.

எனக்கு விசித்திரமாகப் பட்டது அந்தச் சொல். குப்பையைப் பிரித்தாலும் ட்ரென்னன்தான். புருஷனும் பெண்சாதியும் பிரிந்தாலும் அதுதான். எழுதிக்கொண்டு போகும்போது வரி முடிவில் ஒரு சொல்லை வெட்டி அடுத்த வரிக்குக் கொண்டுபோனால் அதற்கும் அதேதான். தேயிலைக்கும் தாம்பத்தியத்துக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு ஒரு தேசம் காலம் தள்ளுகிறதே என்று வீட்டில் வந்து சொன்னேன். என் மகள் அபிராமி, நாங்கள் அபி என்று கூப்பிடுவோம், சிரித்தாள். "ஜேர்மனிலயும் கனக்கச் சொல்லு இருக்கப்பா. உங்களுக்குத் தெரிஞ்சது ஒண்டு" என்றாள். இருக்கலாம். வெதுப்பகத்தில் மாவோடு மல்லுக்கட்டுகிற ஆளுக்கு எல்லாச் சொல்லும் வந்து சேர்வதில்லை.

இந்தப் பேச்சு வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. டோட்முண்டின் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு ஒரு பயிற்சிப் புத்தகம் தயாரித்தார்கள். ஒத்தகருத்துச் சொற்கள் பகுதி என் தலையில் விழுந்தது. நான் எழுத, அபி கணினியில் தட்டித் தந்துகொண்டிருந்தாள். 'பிரிதல்' என்ற சொல்லுக்கு வந்ததும் எனக்கு ஆசை கிளம்பிவிட்டது. அகராதியைத் தொடவில்லை. ஊரில், தீவுப் பக்கத்துச் சுருவிலில் இருக்கும் அக்காவுக்கு வட்ஸ்அப்பில் அழைப்பு எடுத்தேன். அக்காவுக்கு என்னைவிடப் பத்து வயது கூட. கணவர் காலமானபிறகும் எங்கள் பழைய வளவிலேயே, அதாவது வீடு நிற்கிற காணியிலேயே, ஆடும் கோழியும் மகனின் குடும்பமுமாக இருக்கிறார்.

அக்கா சொல்லச் சொல்ல எழுதினேன். மரம் இரண்டாகக் கவர் விடும், எங்கள் வாயில் அது கெவர். விறகு பிளக்கும். வெயிலுக்கு நிலம் வெடிக்கும். கயிறு புரி கழலும். வாய்க்கால் கிளைக்கும். தலைமயிரில் வகிடு எடுப்போம். பால் கறக்கக் கன்றைத் தாயிடமிருந்து விலத்திக் கட்டுவோம். விரதக்காரருக்குச் சோற்றைப் பிறிம்பாக, அதாவது மீன் இறைச்சி படாமல் தனியாக, எடுத்து வைப்போம். கூட்டம் கலையும். வளவைப் பங்கு போடுவோம். பாதை இரண்டாகப் போகிற இடத்துக்கு என்ன சொல்லு என்று கேட்டேன். அக்கா கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதுக்குச் சந்திதானே. வங்களாவடிச் சந்தி" என்றார். வங்களாவடியில் ஒரு பாதை ஊர்காவற்றுறைக்குப் போகிறது, மற்றது புங்குடுதீவுப் பக்கம் போகிறது. பிரிகிற இடம்தான். ஆனால் அதற்கு ஒன்று சேர்கிற சொல்லைத்தான் எங்கள் ஆட்கள் வைத்திருக்கிறார்கள்.

"தம்பி, உனக்கு வேலை ஒண்டும் இல்லையோ? பிரியிறதுக்கு ஏன் இவ்வளவு சொல்லு?" என்று அக்கா அலுத்துக்கொண்டு போனை வைத்தார்.

இன்னும் சிலவற்றோடு பதினாறு சொற்கள் சேர்ந்திருந்தன. அபி விசைப்பலகையிலிருந்து கையை எடுக்காமல், "அப்பா, பதினேழாவது நான் சொல்லட்டோ?" என்றாள்.

"சொல்லு பிள்ளை."

"நான் அவுஸ்ஸீயன் செய்யப்போறன். அதுக்குத் தமிழில என்ன?"

அவுஸ்ஸீயன் என்றால் இருக்கிற வீட்டைவிட்டு வெளிக்கிட்டு வேறு வீட்டுக்குப் போவது. இங்கே பதினெட்டு, இருபது வயதில் பிள்ளைகள் செய்கிற காரியம். அபிக்கு இருபத்தாறு. கண்ணாடிக் கடையொன்றில் கண் பரிசோதிக்கும் வேலையில் சேர்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

"சண்டை ஒண்டும் இல்லையப்பா. பெடியனும் ஒருத்தனும் இல்லை. ட்ராமில அரை மணித்தியாலத்துக்குள்ளதான் வீடு தேடுறன்" என்று அவளே முந்திக்கொண்டாள்.

"பிறகு ஏன்?"

"ஏனெண்டா எனக்கு இருபத்தாறு வயசு."

இந்த நாட்டில் அது முழுமையான விடை. எனக்குத்தான் அது பாதியில் நின்ற வசனம்போல் கேட்டது. கையில் பேனையோடு பட்டியலைப் பார்த்தேன். பிரிந்து போகிறாள் என்றால் புருஷனை விட்டவள் என்று ஆகிவிடும். வெளிக்கிட்டுவிட்டாள் என்றால் யாரோடு என்று கேட்பார்கள். வேறையாகிவிட்டாள் என்றால் தாயோடு கொழுவல், சண்டை என்று அர்த்தம். தனிக்குடித்தனம் என்றால் மாப்பிள்ளை எந்த ஊர் என்பார்கள். பதினாறு சொல்லையும் போட்டுப் பார்த்தேன், ஒன்றும் பிள்ளைக்கு அளவாக இல்லை.

அடுத்த நாள் படியில் பிராவ் கெஸ்லரைக் கண்டபோது, மனம் பொறுக்காமல் மகள் வீட்டைவிட்டுப் போகப்போகிறாள் என்று சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "என்ட்லிஷ்!" என்றார். ஒருவழியாக, என்று பொருள். எங்கள் வீட்டுச் சத்தம் இவருக்கு இவ்வளவு உபத்திரவமாக இருந்திருக்கிறதா என்று எனக்கு முகம் சுருங்கிவிட்டது. பிறகுதான் விளங்கியது, மனிசி என்னை வாழ்த்தியிருக்கிறார். இங்கே பிள்ளை வெளியே போனால் பெற்றவர்கள் தங்கள் வேலையைச் சரியாகச் செய்துவிட்டார்கள் என்று கணக்காம்.

எங்கள் கணக்கு வேறு. தீவுப் பக்கத்தில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை, ஆனால் இங்கே பிறந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். எனக்குப் பதினொரு வயதாக இருந்தபோது அக்காவுக்குக் கலியாணம் நடந்தது. நாங்கள் இருந்த கல்வீட்டைச் சீதனமாக அக்காவின் பெயருக்கு எழுதினார்கள். எழுதின கிழமையே வீட்டைவிட்டு ஆட்கள் வெளிக்கிட்டார்கள். வெளிக்கிட்டது அக்கா இல்லை. அப்பா, அம்மா, நான் மூன்று பேரும்தான். அதே வளவின் மேற்குப் பாதியில் மண்சுவர் வைத்து, பனையோலை வேய்ந்து, அப்பா ஒரு சின்ன வீடு போட்டிருந்தார். நான் என் புத்தகப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு அறுபது அடி தூரம் குடிபெயர்ந்தேன். என் வாழ்க்கையின் முதல் புலம்பெயர்வு அதுதான்.

பிறகு அப்பா வளவின் நடுவில் வேலி அடைத்தார். தெருவிலிருந்து வந்த வேலி கிணற்றுக்கட்டில் வந்து முட்டி நின்றது. கிணற்றின் மறுபக்கத்திலிருந்து மறுபடி தொடங்கிக் கோடிவரை போனது. கிணறு பங்குக்கிணறு. அதில் பாதி அவர்களுக்கு, பாதி எங்களுக்கு. காலையில் அந்தப் பக்கம் அக்கா வாளி விடுவார், இந்தப் பக்கம் அம்மா வாளி விடுவார். இரண்டு கயிறும் உள்ளே சிக்குப்பட்டால் இரண்டு பேரும் மாறிமாறி ஏசிக்கொள்வார்கள். வேலியில் ஒரு ஆள் குனிந்து போகுமளவுக்குப் பொட்டு, அதாவது ஒரு திறப்பு, வைத்திருந்தோம். அம்மா வைத்த மீன்குழம்பு அந்தப் பொட்டுக்குள்ளால் போகும், அக்காவின் பால் இந்தப் பக்கம் வரும். வளவைப் பிரித்தார்கள் என்று ஊர் சொன்னதே தவிர, என் அப்பா கந்தையாவின் குடும்பம் பிரிந்தது என்று யாரும் சொன்னதாக எனக்கு நினைவில்லை. பெண்பிள்ளைக்கு வீட்டை விட்டுக் கொடுத்துவிட்டுப் பெற்றவர்கள் ஒதுங்குவார்கள். முறை அதுதான். பெண்பிள்ளை வீட்டைவிட்டுப் போகிறாள் என்றால், அவளுக்குக் கொடுக்க அப்பனிடம் வீடு இல்லை என்று பொருள்.

என்னிடம் வீடு இருந்தது. மூன்று அறை, தெற்குப் பார்த்த பல்கணி, வெதுப்பகத்தில் இரண்டு ஷிஃப்டாக நின்று வாங்கியது. அதை வாங்கின அன்றைக்கே அபிக்கென்று என் மனதில் எழுதி வைத்துவிட்டேன். அவளிடம் சொல்லவில்லை, சொல்லித் தெரியவேண்டிய விஷயமாக எனக்குப் படவில்லை. இப்போது அவள் அந்த வீட்டை விட்டுவிட்டு வாடகை வீடு தேடுகிறாள். எனக்குக் கோபம் வரவில்லை, வெட்கம்தான் வந்தது. பெண்பிள்ளையை வெளியே விட்ட அப்பன் என்று என்னை நானே பார்த்துக்கொண்டேன்.

மூன்று நாள் யோசித்தபிறகு என் மனைவி பவானியிடம் சொன்னேன்.

"அவள் போகக்கூடாது. நாங்கள் போவம்."

"எங்கை?"

"சின்ன வீடொண்டுக்கு. இது அவளின்ரை வீடெல்லோ."

"அவள் கேட்டவளோ?"

"கேக்கிறதுக்கு என்ன இருக்கு? முறை அது."

பவானி புங்குடுதீவுக்காரி. மரக்கறி வெட்டுகிறதை நிறுத்தாமல் என்னை ஒருதரம் மேலும் கீழும் பார்த்தார். "உங்களுக்கு மூளை இன்னும் சுருவிலிலதான் நிக்குது. சரி, பாருங்கோ. என்ரை கிறைண்டர் வைக்க இடமில்லாத குசினியெண்டா நீங்கள் மட்டும் போய் இருங்கோ" என்றார். எனக்கு அது சம்மதம்போலத்தான் கேட்டது. அபியிடம் மூச்சுவிடவில்லை. எல்லாம் ஒழுங்கானபிறகு, இந்தா பிள்ளை, வீடு உனக்கு என்று சொல்லவேண்டும் என்று எனக்குள் ஒரு பெருமை.

வீடு தேடுகிற வித்தை எனக்குத் தெரியாது. பிராவ் கெஸ்லரிடம் போனேன். ஒரு சின்ன வீடு வேண்டும், மகளுக்குச் சொல்லவேண்டாம், கிறைண்டருக்கு இடம் நிச்சயமாகும்வரை மனைவிக்கும் சத்தம் காட்டவேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.  அவர் என் கையின்மேல் தன் கையை வைத்து, இந்த வயதிலும் புது வாழ்க்கை தொடங்கலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை என்றார். நல்ல மனிசி என்று நினைத்துக்கொண்டு வந்தேன். இரண்டு நாள் கழித்து அவர் அப்பிள் கேக்கோடு வந்து பவானியைக் கட்டிப்பிடித்து, ஆண்கள் இப்படித்தான் என்று கண்கலங்கினபோதுதான், நான் பெண்சாதியை விட்டுப் போகிறேன் என்று மனிசி விளங்கிக்கொண்டது தெரிந்தது. பவானி அதைத் திருத்தவில்லை. கேக் நல்லாயிருக்கிறது என்று வாங்கி வைத்துக்கொண்டார். அதன்பிறகு ஒரு கிழமைக்கு, "பிரியப்போற மனுசனுக்குத் தேத்தண்ணி வேணுமோ?" என்று கேட்டுக் கேட்டே என்னைக் கொன்றார்.

ஆனாலும் பிராவ் கெஸ்லர் தந்த விலாசம் நல்லதாகத்தான் இருந்தது. ஒன்றரை அறை, மூன்றாம் மாடி, ட்ராம் தரிப்புக்குப் பக்கத்தில். சனிக்கிழமை பகல் பதினொரு மணிக்கு வீடு பார்க்க வரச் சொன்னார்கள். கோயிலுக்குப் போடுகிற கோட்டைப் போட்டுக்கொண்டு, சம்பளத்துண்டுகளைக் கோப்பில் அடுக்கிக்கொண்டு போனேன். இங்கே ஒரு வாடகை வீட்டுக்கு இருபது, முப்பது பேர் வருவார்கள். வரிசை படிக்கட்டு முழுக்க நின்றது. இரண்டாம் மாடி வளைவில் நான் போய் நின்றபோது, எனக்கு மேலே நாலாவது படியில் நின்ற பெண் திரும்பினாள்.

"அப்பா?"

"நீ இஞ்ச என்ன செய்யிறாய்?"

"நான் வீடு பாக்க வந்தனான். நீங்கள்?"

"நானும் வீடு பாக்கத்தான் வந்தனான்."

"எனக்குப் பின்னால வாறீங்களோ?" அவளுக்கு முகம் சிவந்துவிட்டது.

"இல்லைப் பிள்ளை, சத்தியமா இல்லை. எனக்கும் அம்மாவுக்கும் பாக்கிறன். அந்த வீடு உனக்கு. நாங்கள் விலத்துறம்."

படிக்கட்டில் நின்றே சொன்னேன். அக்காவின் கலியாணம், மண்வீடு, வேலி, முறை எல்லாவற்றையும் சொன்னேன். சுற்றி நின்ற ஜேர்மன்காரருக்கு ஒன்றும் விளங்காது என்ற தைரியத்தில் கொஞ்சம் சத்தமாகவும் சொல்லியிருப்பேன். அபி முதலில் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவளுக்குக் கண் நிறைந்தது.

"அப்பா, நீங்களும் அந்த வீட்டை விட்டுப் போனா நான் எங்கை வாறது?"

அவள் ஒரு படி கீழே இறங்கி வந்தாள்.

"நான் போறதெண்டா, போன இடத்திலயிருந்து வாறதுக்கு ஒரு வீடு நிக்கவேணும் எல்லோ? அங்கை அம்மாவும் நீங்களும் இருக்கவேணும். இல்லாட்டி நான் போகேல்லை, நீங்கள் எல்லாரும்தான் போட்டீங்கள்."

 நான் இவ்வளவு காலமும் அவளுக்கென்று கட்டிக் காத்த வீட்டை அவள் வேண்டாம் என்று தள்ளியதாகத்தான் நினைத்திருந்தேன். அவளோ அதை நான் காலிபண்ணிவிடக்கூடாது என்று படிக்கட்டில் நின்று கெஞ்சிக்கொண்டிருந்தாள். சந்தோசமா வெட்கமா என்று பிரிக்கத் தெரியாமல் சம்பளத்துண்டுக் கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன்.

அந்த நேரம் பார்த்து வீட்டுத் தரகர், கையில் பெயர்ப் பட்டியலோடு கதவடிக்கு வந்தார். "ஹெர் கந்தையா?" என்றார். நான் கை தூக்கினேன். "பிராவ் சிவபாலன்?" என்றார். அபி கை தூக்கினாள். இங்கே வந்தபோது பதிவில் என் அப்பாவின் பெயரைக் குடும்பப் பெயர் என்று எழுதிவிட்டார்கள், அதனால் நான் இந்த நாட்டுக்குக் கந்தையா. அபி பிறந்தபோது நாங்கள் ஊர் வழக்கப்படி அப்பாவின் பெயரை, அதாவது என் பெயரைக் கொடுத்தோம், அதனால் அவள் சிவபாலன். கடதாசியில் எங்களைப் பார்க்கிறவருக்கு நாங்கள் ஒரு வீட்டுக்குப் போட்டிபோடுகிற இரண்டு அந்நியர். ஆனால் இருவரும் ஒரே மூக்கோடு நிற்பதைப் பார்த்துவிட்டுத் தரகர், "நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்தவர்களா?" என்று கேட்டார்.

"இல்லை" என்றாள் அபி. "ஓம்" என்றேன் நான். இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன, என்னுடையது தமிழில், பெரிய தலையாட்டலோடு வந்துவிட்டது. படிக்கட்டு முழுக்கச் சிரித்தது. ஒரு வீட்டுக்கு ஒரு விண்ணப்பம்தான், யாராவது ஒருவர் விலக வேண்டும் என்றார் தரகர். என் பெயரை வெட்டச் சொன்னேன்.

அபி வேலைக்குச் சேர்ந்து புதிது, இன்னும் பரீட்சார்த்த காலம் முடியவில்லை. அப்படியானவர்களுக்குப் பெற்றோர் யாராவது பொறுப்பு நின்று கையெழுத்துப் போட்டால் வீட்டுக்காரர் யோசிப்பார் என்றார்கள். பெயர் வேறாக இருக்கிறதே, எப்படி அப்பா என்று தரகர் கேட்டார். என் அடையாள அட்டையை எடுத்து, கந்தையாவுக்குக் கீழே சிறிதாக இருந்த சிவபாலனைக் காட்டினேன். அவர் என்னைப் பார்த்தார், அபியைப் பார்த்தார், தலையாட்டினார். படிக்கட்டு யன்னல் விளிம்பில் கடதாசியை வைத்துக் கையெழுத்துப் போட்டேன். பெண்பிள்ளைக்காக என் அப்பா போட்ட கையெழுத்து அவளை வீட்டில் வைத்தது, நான் போட்டது அனுப்பியது.  அடுத்த கிழமை வீடு அபிக்குத்தான் என்று தகவல் வந்தது.

அக்காவுக்குச் சொல்லத்தான் இன்னும் சொல் இல்லை. ஒத்திப்போட்டு ஒத்திப்போட்டு, கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எடுத்தேன்.

"அக்கா, பிள்ளை வேறை வீடெடுத்திட்டாள். தனிய."

அந்தப் பக்கம் அக்கா கோழியை விரட்டுகிற சத்தம் கேட்டது. 

"தண்ணி எப்பிடி?" என்றார் அக்கா.

"என்ன?"

"அந்த வீட்டில நல்ல தண்ணியோ, உவர்த்தண்ணியோ எண்டு கேக்கிறன்."

தீவில் பிறந்தவருக்கு ஒரு புது வீட்டைப் பற்றி முதலில் கேட்க வேறு கேள்வி கிடையாது. நல்ல தண்ணிதான் அக்கா, இங்கே எல்லா வீட்டுக்கும் ஒரே தண்ணிதான் என்றேன்.

"பிறகென்ன? முதல் உலை வைக்கேக்கை பவானியை ஒருக்கால் போய்ப் பக்கத்தில நிக்கச் சொல்லு. பிள்ளை தனிய வைக்கக்கூடாது."

"ஆரும் கேட்டா என்னக்கா சொல்லுவாய்?"

"வேறை உலை வைச்சிட்டாள் எண்டு சொல்லுவன். பொய்யோ அது?"

வேறை உலை என்று எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்துத் தனியே சமைக்கத் தொடங்குகிறவர்களைத்தான் சொல்வார்கள். கலியாணமாகாத பெண்ணுக்கு அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. அக்காவுக்கு அதில் ஒரு தயக்கமும் இருக்கவில்லை. உலை வைக்கிறாள்தானே, அரிசி வேகிறதுதானே. போனை வைத்ததும் பட்டியலில் அதைப் பதினேழாவதாகச் சேர்த்தேன். அபி அன்றைக்குப் புது வீட்டைத் துடைக்கப் போயிருந்தபடியால் ஒற்றை விரலால் நானே தேடித் தேடித் தட்டினேன்.

அபி குடிபோன சனிக்கிழமை பவானி பானையும் பச்சரிசியுமாக விடியவே போய்விட்டார். வேலை முடிந்து நான் போக மத்தியானம் ஆகிவிட்டது. கீழ்வாசலில் பன்னிரண்டு அழைப்புமணிகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு பெயர். எங்கள் வீட்டு மணியில் கந்தையா என்றுதான் இருக்கிறது. சுருவிலை விட்டு ஒருநாளும் வெளிநாடு போகாத என் அப்பா அந்த வாசலில் இத்தனை வருடம் நிற்கிறார். இங்கே ஐந்தாவது மணியில், புது எழுத்தில், சிவபாலன் என்று இருந்தது. இந்த நாட்டில் என் பெயரை ஒரு கதவில் நான் பார்த்தது அன்றைக்குத்தான். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு அழுத்தினேன்.

"யா, பிட்டே?" என்றது அபியின் குரல். ஓம், சொல்லுங்கள் என்று பொருள்.

"சிவபாலன்" என்றேன்.

"எந்தச் சிவபாலன்?" என்றாள் அவள், உள்ளே பவானி சிரிப்பதும் கேட்டது.

என் பெயர் எழுதிய கதவுக்கு வெளியே, அவள் திறக்கும்வரை காத்துக்கொண்டு நின்றேன்.